போத்தல் ஓர்க்கிட்: திருகோணமலையில் குழுவாகச் சேர்ந்து வளர்க்க நினைப்பவர்களுக்கு

ஓர்க்கிட் விதைக்குள் முளைக்குத் தேவையான உணவுச் சேமிப்பு கிடையாது. அதனால் ஆய்வுகூடத்தில், கிருமி நீக்கிய போத்தலுக்குள், சர்க்கரையும் தாதுக்களும் கலந்த அகர் ஜெல்லியில் அதை முளைக்க வைக்கிறார்கள். அப்படி வரும் ஒரு போத்தலில் 25 முதல் 40 வரை சின்னக் கன்றுகள் இருக்கும். ஒரே வகையில் முப்பது கன்றை வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் என்ன செய்வது? நாலு வகை வேண்டுமென்றால் நாலு போத்தல், நூற்றுக்கு மேல் கன்று. ஆகவே தெரிந்தவர்கள் நாலைந்து பேர் காசு போட்டு வாங்கிப் பிரிப்பதுதான் வழக்கம்.

வாங்குவது சுலபம். அதற்குப் பிறகு வருவதுதான் பாடு. கிடைக்கிற ஆலோசனைகள் பெரும்பாலும் கண்டி, கொழும்புப் பக்கத்து ஈரக் காற்றுக்குச் சொன்னவை. தென்மேற்கிலிருந்து வீசும் நம்முடைய வறண்ட கச்சான் காற்றும் உப்புக் கிணறும் மார்கழி மழையும் அவற்றில் இல்லை. நாங்கள் தட்டுத் தடுமாறி ஒருவழியாகக் கன்றுகளைக் கரைசேர்த்த பிறகு, அடுத்து இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முழுவதையும் வாசிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: போத்தலைத் திறக்கும் அன்றைக்கே கன்றுகளைப் பங்கு பிரிக்காதீர்கள். எல்லாக் கன்றும் ஒரே இடத்தில், ஒருவருடைய கையில், எட்டு மாதம் வளரட்டும். கீழே நான் சொல்லும் ஆட்கள், ஒப்பந்தம், காசு, நாள் எல்லாமே இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான்.

1. முதலில் ஆட்களைச் சேருங்கள்

ஆறு முதல் பத்துப் பேர் போதும். எட்டுப் பேர் என்பது கணக்குக்கும் வசதி, கூடிப் பேசவும் வசதி. அதற்கு மேல் போனால் ஒரு முடிவெடுக்க ஒரு வாரம் வட்ஸ்அப்பில் அடிபட வேண்டும்.

சேர வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இரண்டு மூன்று வருடத்துக்குப் பூவே வராது, சம்மதமா?" பூப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் இதிலேயே நழுவிவிடுவார்கள். நல்லது.

குழுவில் இரண்டு பொறுப்புகள் கட்டாயம். ஒருவர் பராமரிப்பாளர். பகலில் வீட்டில் இருப்பவர், முற்றத்தில் மர நிழல் உள்ளவர், அடிக்கடி பயணம் போகாதவர். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இதற்குப் பொருத்தம், சொன்ன நேரத்துக்குச் சொன்னதைச் செய்வார்கள். மற்றவர் காசுப் பொறுப்பாளர். இரண்டும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. பராமரிப்பாளருக்குப் பதில் ஆள் ஒருவரையும் முன்பே சொல்லி வையுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணம் என்று நாலு நாள் போனால் கன்றுகள் காத்திருக்காது.

இன்னொன்று. "முறை வைத்து ஆளுக்கொரு நாள் தண்ணீர் விடுவோம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். வருகிற ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு தரம் நனைத்துவிட்டுப் போவார், கன்று அழுகும். தண்ணீர் ஒரு கையில்தான் இருக்க வேண்டும். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் முறை வைத்துப் போய்த் துப்புரவு செய்யலாம், கன்றுகளை எண்ணலாம், படம் எடுத்துக் குழுவில் போடலாம்.

2. ஒரு பக்க ஒப்பந்தம்

உறவினரோ அயலவரோ, எழுதி வையுங்கள். முத்திரையும் வேண்டாம், சட்டத்தரணியும் வேண்டாம். ஒரு தாளில் எல்லாருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. ஆளுக்கொரு பிரதி.

அதில் என்ன இருக்க வேண்டும்? ஆளுக்கு எவ்வளவு காசு, எந்தத் திகதிக்குள். கன்று செத்தால் நட்டம் எல்லாருக்கும் பொது, பராமரிப்பாளர் தலையில் போடுவதில்லை. நோய் கண்ட கன்றை யாரையும் கேட்காமல் எடுத்து எறியும் அதிகாரம் பராமரிப்பாளருக்கு உண்டு, எறியும் முன் ஒரு படம் மட்டும் எடுத்துப் போட வேண்டும். பங்கு பிரிக்கும் முன் விலகுகிறவருக்குக் காசு திரும்பாது, ஆனால் தன் பங்கை வேறொருவருக்கு விற்கலாம். பராமரிப்பாளருக்கு மேலதிகமாக எத்தனை கன்று. பிரிப்பு சீட்டுக் குலுக்கலில்.

நட்டம் பற்றிய வரிதான் இவற்றுள் முக்கியம். முதல் மழை நாளில் பத்துக் கன்று கரைந்து போகும்போது அந்த வரி இல்லாவிட்டால், அதுவரை அக்கா தம்பி என்று பேசிக்கொண்டவர்கள் முகம் பார்க்க மாட்டார்கள்.

வங்கிக் கணக்கு வேண்டுமா? சிறு குழுவுக்கு, இருவர் பெயரில், இருவரும் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்குப் போதும். சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் திறக்கப் போனால் யாப்பு, கணக்குத் திறக்கத் தீர்மானித்த கூட்டக் குறிப்பு, கையெழுத்திடுவோரின் அடையாள அட்டைப் பிரதிகள், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் என்று கேட்பார்கள். கிளைக்குக் கிளை பட்டியல் மாறும். போகும் முன் அந்தக் கிளையிலேயே பட்டியலைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எட்டுப் பேர் பூ வளர்க்க யாப்பும் நிர்வாக சபையும் தேவையில்லை என்பது என் எண்ணம். நம் ஊரில் தலைவர் பதவி என்று ஒன்று வந்துவிட்டால் பூவை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

பிற்காலத்தில் கன்று விற்கும் யோசனை இருந்தால் அது வேறு கதை. அப்போது வியாபாரப் பெயர்ப் பதிவு பற்றிப் பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம்.

3. காசுக் கணக்கு

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் கணக்குப் போடும் முறையை மட்டும் காட்டுகிறேன். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் விலையைக் கேட்டு அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேர், நாலு போத்தல். போத்தல் 4,000 ரூபா என்றால் 16,000. கொண்டுவரும் செலவு 5,000. நிழல் வலை, மரச் சட்டம், மேசை 24,000. சட்டி, கரி, தேங்காய்ப் பொச்சு 12,000. உரம், பூஞ்சைக்கொல்லி 5,000. பராமரிப்பாளர் வீட்டுத் தண்ணீர், மின்சாரத்துக்கு மாதம் 1,000 வீதம் எட்டு மாதத்துக்கு 8,000. எதிர்பாராத செலவுக்குக் கைக்காவலாக 10,000. மொத்தம் 80,000, ஆளுக்குப் பத்தாயிரம்.

கவனித்தீர்களா, போத்தலுக்குப் போவது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். "போத்தல் நாலாயிரம், எட்டாகப் பிரித்தால் ஐந்நூறு" என்று சொல்லி ஆள் சேர்க்கிறவர்கள் பாதி வழியில் மாட்டுவது இதனால்தான்.

நாலு போத்தலில் முப்பது வீதம் 120 கன்று. அதில் பாதி மிஞ்சும் என்று மட்டும் கணக்கு வையுங்கள். 60 கன்று. ஆளுக்கு ஏழு, மிச்சம் நாலு. அந்த நாலும் பராமரிப்பாளருக்கு. ஒரு கன்றின் அடக்க விலை ஏறத்தாழ 1,330 ரூபா வரும். பூத்த செடியை நேரே வாங்குவதை விட இது பெரிய மலிவு என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாம் தடவை மேசையும் வலையும் ஏற்கெனவே இருப்பதால் அதே கணக்கில் 930 ரூபா அளவுக்கு இறங்கும். லாபத்துக்காக வருகிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் முதலே காட்டிவிடுங்கள்.

காசை இரண்டு தவணையாக வாங்குங்கள். ஓடர் கொடுக்கும் முன் அறுபது வீதம், போத்தல் திறக்கும் முன் மிச்சம். கரிக்கடைப் பற்றுச்சீட்டு வரைக்கும் படம் எடுத்துக் குழுவில் போடச் சொல்லுங்கள்.

4. எந்த வகை

கடல்மட்டத்தில், வெயிலில் இருக்கிறோம். முதல் தடவைக்கு டென்ட்ரோபியம் கலப்பினங்கள்தான். வெப்பம் தாங்கும், கன்றும் கொஞ்சம் முரட்டுத்தனமானது, போத்தலை விட்டு வெளியே வந்து இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும். வெப்பம் தாங்கும் ஒன்சிடியம் ஒரு போத்தல் சேர்க்கலாம். பெலனொப்சிஸ் இங்கே வரும், ஆனால் நல்ல நிழல் வேண்டும், இலைக் குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஒரே இரவில் அழுகிவிடும். வண்டாவும் மொகாராவும் நம் வெயிலுக்குப் பிறந்தவை என்றாலும் வண்டா கன்று பூக்க நாலு வருடத்துக்கு மேலும் ஆகலாம். குழுவின் பொறுமை அவ்வளவு தூரம் போகாது.

சிம்பிடியம் வேண்டாம். நுவரெலியாவில் பார்த்துவிட்டு ஆசைப்படுவார்கள். அதற்குக் குளிர் இரவு வேண்டும்.

வாங்கும் முன் இன்னொன்றைக் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள்: இது விதையில் வந்த போத்தலா, இழைய வளர்ப்பில் ஒரே தாய்ச் செடியிலிருந்து எடுத்ததா? இழைய வளர்ப்பென்றால் எல்லாக் கன்றும் ஒரே பூ. விதையென்றால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். உங்களுக்கு வெளிறிய ஊதா வரும், பக்கத்து வீட்டு ரீச்சருக்குக் கடும் ஊதா வரும். இதைக் குழுவில் எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் மூன்றாம் வருடம் வழக்கு வரும்.

5. போத்தலை வாங்குவதும் கொண்டுவருவதும்

உள்ளூரில் வாங்குங்கள். இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்களும் நாற்றுமேடைக்காரர்களும் கொழும்பு, கம்பஹா, கண்டிப் பக்கங்களில் இருக்கிறார்கள். 1934 இல் தொடங்கிய இலங்கை ஓர்க்கிட் வட்டம் கொழும்பில் இருக்கிறது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் ஓர்க்கிட் பகுதியிலும் விசாரிக்கலாம். நம்மூர் விவசாயப் போதனாசிரியரையும் ஒருமுறை சந்தியுங்கள், யாரிடம் நல்ல கன்று இருக்கிறது என்ற தகவல் அவர்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

ஓடரைப் புரட்டாதியிலேயே கொடுத்துவிடுங்கள். கையிருப்பில் தயாரான போத்தல் இருந்தால் சரி. இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். விதை போட்டதிலிருந்து வெளியே எடுக்கும் பருவம் வர ஒரு வருடம், சில வகைக்கு அதற்கு மேலும் ஆகும்.

போத்தலைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இலைகள் பச்சையாக, இரண்டு மூன்று வேராவது ஓடியிருக்க வேண்டும். ஜெல்லியில் பஞ்சு மாதிரிப் பூஞ்சணமோ குழம்பு மாதிரிப் படலமோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கன்று மிகச் சின்னதாக, அடர்த்தியாகப் பாசி பிடித்ததுபோல் இருந்தால் அது இன்னும் பிரித்து மாற்றாத தாய்ப் போத்தல். புதியவர்களுக்கு அது ஆகாது. பற்றுச்சீட்டில் கலப்பினத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். பெயர் வைக்காத கலப்பு என்றால் தாய்ச் செடி முதலிலும் தந்தைச் செடி பின்னாலும் எழுதுவது முறை.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் யோசனையும் வரும். சிங்கப்பூரில் மருமகன் இருப்பார், சென்னைக்கு யாராவது போய்வருவார். இங்கேதான் பலருக்கு அரைகுறைத் தகவல் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைப் பட்டியலில் இருக்கிறது. அதன் இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுக்கு, கிருமி நீக்கிய போத்தலுக்குள் இருக்கும் கன்று என்றால் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த விலக்கு சைட்டீசுக்கு மட்டும். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. செடி அங்கிருந்து புறப்படும் முன்பே இங்கே விவசாயத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதி எடுத்திருக்க வேண்டும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ் கூடவே வர வேண்டும், கட்டுநாயக்க விமான நிலையத்தில் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகளிடம் காட்ட வேண்டும். கைப்பையில் சட்டைக்குள் சுற்றி எடுத்துவந்தால் பறிமுதல்தான். முதல் தடவைக்கு இந்தத் தலையிடி எதற்கு?

கன்னியா, கந்தளாய்ப் பக்கத்துக் காடுகளில் மரத்தில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து வந்து திட்டத்தில் சேர்க்கலாம் என்பவர்களிடமும் கறாராக இருங்கள். ஒதுக்குக் காட்டிலிருந்து செடி எடுப்பது குற்றம். எடுத்து வந்தாலும் பெரும்பாலும் பிழைக்காது, அதன் பூச்சி நம் கன்றுக்கு வரும்.

பயணம். கூரியரில் போடாமல் ஒருவர் நேரில் போய் வாங்கி வருவது நல்லது. எங்களுக்கு வந்த ஒரு பெட்டியில் "மேல் பக்கம்" என்று எழுதிய அம்புக்குறி கீழே பார்த்துக்கொண்டிருந்தது. ரெஜிபோம் பெட்டியில் போத்தல்களை நிமிர்த்தி, இடையில் பத்திரிகைத் தாள் திணித்து, இரவுப் புகையிரதத்திலோ இரவு பஸ்ஸிலோ மடியில் வைத்துக் கொண்டுவாருங்கள். பஸ்ஸின் கீழ்ப் பெட்டியில் போடாதீர்கள், இயந்திரச் சூட்டில் வெந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரம் விட்டாலும் அதே கதி.

6. நாள் குறிப்பது

திருகோணமலையில் போத்தல் திறக்க நல்ல காலம் தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை. மாரி மழை ஓய்ந்திருக்கும், காற்றில் ஈரம் இன்னும் இருக்கும், வெயில் கடுமையாகியிருக்காது. வைகாசியில் கச்சான் காற்றுத் தொடங்கும் முன் கன்றுக்கு மூன்று மாதம் கிடைக்கும். அதற்குள் புது வேர் ஓடிவிடும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை திறக்கவே வேண்டாம். நாட்கணக்கில் மழை, வெளிச்சமில்லை, இலை காயாது. ஆய்வுகூடத்தில் "இப்போதே எடுங்கள், விலைக் கழிவு தருகிறோம்" என்று சொன்னாலும் தை வரை அங்கேயே வைத்திருக்கக் கேளுங்கள். ஆனி, ஆடியும் கூடாது. கச்சான் காற்றில் ஈரச் சாக்கே அரை மணி நேரத்தில் காய்கிறது, கன்று எம்மாத்திரம்.

ஒரு விதிவிலக்கு: பயணத்தில் ஜெல்லி உடைந்து குழம்பிவிட்டால், அல்லது உள்ளே பூஞ்சணம் கண்டால், நாள் நட்சத்திரம் பார்க்காமல் உடனே திறந்துவிடுங்கள்.

7. நிழல்வீடும் தண்ணீரும்

120 கன்றுக்குப் பெரிய இடம் தேவையில்லை. ஆறடிக்கு எட்டடி போதும், அதிலும் பாதி நடக்கத்தான். முதல் மாதங்களுக்கு 70 முதல் 80 வீத நிழல் வேண்டும். 50 வீத வலைதான் கிடைத்தால் இரட்டையாகப் போடுங்கள். மேசை இடுப்பளவு உயரம், மேல் பக்கம் கம்பி வலை, தண்ணீர் ஒழுகிப் போக வேண்டும். மாரிக்கு முன் மேலே தெளிந்த பொலித்தீன் கூரை ஒன்று போட வழி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கு, தென்மேற்குப் பக்கங்களில் கச்சான் காலத்தில் சாக்குத் தொங்கவிட்டு நனைத்துவிட வேண்டும், அதற்குக் கம்பியை இப்போதே கட்டிவையுங்கள்.

நாலு பக்கமும் வலையடைப்பு இருக்கட்டும். கோட்டைப் பக்கம் வீடென்றால் மான் வரும், மற்ற இடங்களில் ஆடும் குரங்கும். சுற்றுலா வருகிறவர்கள் மானைப் படம் எடுக்கலாம், செடி வளர்க்கிறவனுக்கு அதன் அருமை வேறு.

இனித் தண்ணீர். கடலோரக் கிணறுகள் பலவற்றில் உப்பு, உள்ளே போனால் சுண்ணாம்பு. பெரிய செடி சமாளிக்கும், போத்தல் கன்று சமாளிக்காது. வேர் நுனி கறுத்துச் சாகும், நாம் நோய் என்று நினைத்து மருந்தடிப்போம். தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. 150 பிபிஎம்முக்குக் கீழே என்றால் சந்தோஷம். 200ஐத் தாண்டினால் கன்றுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். பராமரிப்பாளர் யார் என்று முடிவெடுக்கும் முன்பே ஒவ்வொருவர் வீட்டுத் தண்ணீரையும் ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவரச் சொல்லி அளந்து பாருங்கள். யார் வீடு என்ற வாக்குவாதம் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக வாளியில் ஒரு இரவு திறந்து வைத்துப் பாவியுங்கள்.

எல்லாவற்றிலும் நல்லது மழைத் தண்ணீர். கார்த்திகை, மார்கழியில் 500 லீற்றர் தாங்கி ஒன்றை நிரப்பிவிட்டால், நாளொன்றுக்கு மூன்று லீற்றர் வீதம் ஐந்து மாதத்துக்கு மேல் வரும். கூரையைக் கழுவும் முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். தாங்கியின் வாயை நுளம்பு வலையால் இறுகக் கட்டுங்கள். குடம்பி கண்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்குப் போடுவார், ஓர்க்கிட் வளர்க்கிறோம் என்ற கதை அங்கே எடுபடாது.

8. போத்தல் திறக்கும் நாள்

போத்தல் வந்து ஒரு வாரமாவது நிழல்வீட்டில், நேர் வெயில் படாத இடத்தில், மூடியபடியே இருக்கட்டும். இதற்கிடையில் நடுகைக் கலவையைத் தயார் செய்யுங்கள். சிரட்டைக் கரியைப் பயறு, கடலை அளவுக்கு உடைத்துத் தூசு போகக் கழுவுங்கள். தேங்காய்ப் பொச்சைச் சிறு துண்டாக வெட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி ஐந்தாறு நாள் ஊறவிடுங்கள், அந்தச் செம்பழுப்புச் சாயம் போக வேண்டும். சட்டியின் அடியில் ஓட்டுத்துண்டு. மண் ஒரு துளியும் கூடாது. கடற்கரைப் பவளக்கல்லும் கூடாது.

திறக்கும் வேலையைக் காலையில் தொடங்குங்கள். எல்லாரும் வர வேண்டும், இது ஒருவரால் ஆகும் வேலையல்ல. மூன்று பேஸின், பழைய பத்திரிகைகள், கையுறை, லேபல்கள், பென்சில்.

வாய் அகன்ற போத்தலென்றால் அறை வெப்பநிலைத் தண்ணீரை ஊற்றி மெதுவாகச் சுழற்றினால் ஜெல்லி இளகும். கன்றை வேர்ப் பக்கமாகப் பிடித்து வெளியே எடுங்கள். அப்போதுதான் இலைகள் மடிந்து முறியாமல் வரும். வாய் குறுகிய கண்ணாடிப் போத்தலென்றால் பத்திரிகையில் நாலைந்து சுற்றுச் சுற்றி, சுத்தியலால் தோள் பக்கத்தில் ஒரு தட்டு. கண்ணாடி அணிந்தவர் இதைச் செய்யட்டும், சிறுவர்களைத் தள்ளி நிறுத்துங்கள்.

அடுத்ததுதான் பலர் அவசரப்படும் இடம். வேரில் ஒட்டிய ஜெல்லி முழுவதும் போக வேண்டும். அதில் சர்க்கரை இருக்கிறது. வெளியே வந்ததும் பூஞ்சணத்துக்கு அது விருந்து. முதல் பேஸினில் அலசி, இரண்டாவதில் அலசி, மூன்றாவதில் விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் இருக்கிறது.

கழுவிய கன்றுகளைப் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்றாகப் பிரியுங்கள். கப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியை லேபலில் சொன்ன அளவில் கரைத்து, கன்றுகளை ஐந்து பத்து நிமிடம் அமிழ்த்தி எடுத்து, பத்திரிகையில் பரப்பி நீர் வடியவிடுங்கள். கறுவாத்தூள் நல்லது என்று யாராவது கொண்டுவருவார்கள். வெட்டுக்காயத்தில் தடவலாம், வேரில் தூவினால் வேர் காய்ந்துபோகும்.

நாலு அங்குலச் சட்டியில் ஒரே அளவுக் கன்றுகள் பத்துப் பன்னிரண்டு சேர்த்து நடுங்கள். கழுத்துப் பகுதி கலவைக்கு மேலே நிற்க வேண்டும், புதைக்கக்கூடாது. ஒவ்வொரு சட்டியிலும் போத்தல் இலக்கம், கலப்பின் பெயர், திகதி, கன்று எண்ணிக்கை. பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் எழுத்து நம் வெயிலில் சில மாதத்தில் மறையும், பென்சில் நிற்கும்.

இந்த நேரத்தில், எல்லாரும் கூடியிருக்கும்போது, "என் பங்கை இப்பவே கொண்டுபோகிறேன்" என்று ஒருவர் தொடங்குவார். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுங்கள். எட்டு வீட்டில் எட்டுத் தண்ணீர், எட்டு நிழல், எட்டு விதமான கை. அப்படிப் பிரிந்த கன்றில் எது ஏன் செத்தது என்றுகூடத் தெரியவராது, அடுத்த தடவைக்கு ஒரு பாடமும் மிஞ்சாது.

9. முதல் எட்டு வாரம்

முதல் இரண்டு வாரம் சட்டிகளைத் தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளோ பொலித்தீன் கூடாரத்துக்குள்ளோ வையுங்கள். போத்தலுக்குள் இருந்த ஈரத்துக்குப் பழகிய இலை, சட்டென்று வெளிக்காற்றைத் தாங்காது. மூன்றாம் நாளிலிருந்து ஒரு பக்கத்தைக் கொஞ்சம் திறந்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். காற்று அசையாமல் மூடியே வைத்தால் அழுகல்தான்.

காலையிலும் மதியத்துக்கு முன்னும் பூந்தூவலாகத் தண்ணீர். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு ஒரு துளியும் வேண்டாம். இருட்டும்போது இலை காய்ந்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, புது வேர் நுனி பச்சையாகத் தெரிந்த பிறகு உரம் தொடங்கலாம். கடையில் கிடைக்கும் அல்பர்ட் கரைசல் போதும், லேபலில் சொன்னதில் காற்பங்கு, வாரம் ஒருமுறை. அடுத்த நாள் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள்.

இலை அடியில் தண்ணீர் கோத்ததுபோல் கறுத்து மணத்தால் அது பற்றீரியா அழுகல். அந்தச் சட்டியை உடனே மேசையை விட்டு வெளியே எடுங்கள். மென்மையானதை எறிந்து, மிச்சத்தைக் கழுவி, மருந்தில் தோய்த்து, புதுக் கலவையில் நடுங்கள். கத்திரிக்கோலை நெருப்பில் காட்டாமல் அடுத்த சட்டியைத் தொடாதீர்கள். நத்தையும் கரப்பானும் இரவில் வரும், வேர் நுனியைத்தான் முதலில் கடிக்கும். டோர்ச்சோடு போய்ப் பிடிப்பதை விட நல்ல மருந்தை நான் காணவில்லை.

இந்த வாரங்களில் கன்று குறையத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையை ஒளிக்காமல் குழுவில் போடுங்கள்.

10. பங்கு பிரிப்பு

ஆவணிக் கடைசியில் சட்டிக்குள் கன்றுகள் நெருக்கியடிக்கும், வேர்கள் பின்னிக்கொண்டிருக்கும். அப்போது தனித்தனியாக இரண்டரை அங்குலச் சட்டிகளுக்கு மாற்றுங்கள். பின்னிய வேரைப் பிய்க்காமல் சட்டியோடு தண்ணீரில் ஊறவிட்டால் கழன்று வரும். மாற்றிய பிறகு மூன்று நாலு வாரம் அதே மேசையில் இருக்கட்டும். புரட்டாதிக் கடைசியில் பிரித்தால் மழைக்கு முன் ஒவ்வொருவர் வீட்டிலும் பழகிவிடும்.

பிரிக்கும் முறை: முதலில் பராமரிப்பாளர் தன் மேலதிகப் பங்கை எடுக்கட்டும். பிறகு ஒவ்வொரு வகையிலும் பெரியது, நடுத்தரம், சின்னது என்று தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கல். ஒருவருக்கே எல்லாப் பெரியதும் போகாது. பிரிபடாமல் மிஞ்சும் ஒன்றிரண்டைச் சண்டை பிடிக்காமல் பராமரிப்பாளரின் மேசையிலேயே பொதுச் சொத்தாக விட்டுவிடுங்கள். யாருடையதாவது மாரியில் போனால் அதிலிருந்து ஒன்று கொடுக்கலாம்.

கொண்டுபோகிறவரிடம் லேபலையும் சேர்த்துக் கொடுங்கள், அவர் வீட்டுத் தண்ணீரின் பிபிஎம் அளவை அதன் பின்பக்கம் எழுதி. கைக்காவல் காசில் மிச்சமிருந்தால் பிரித்துக் கொடுக்கும் முன் ஒரு கேள்வி: அடுத்த தைக்குப் போத்தல் ஓடர் பண்ணுவதா? புரட்டாதிதான் அதற்கும் மாதம்.